இரண்டாவது பொட்டலம்

அஜித் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் அவனுடைய அம்மா பவுனம்மாள், "கம்ப்யூட்டர்ல கணக்குப் பாக்குறான்" என்பாள். அது பொய் இல்லை. ஊரில் கேட்டவர்கள் பேங்க் வேலை என்று நினைத்துக்கொண்டார்கள். பவுனம்மாள் அவர்களுடைய நினைப்பில் குறுக்கிடவில்லை.

துவாக்குடியில் கல்லூரி மாணவர்கள் தங்கும் ஒரு கட்டடத்தின் உச்சி மாடியில் அவன் அறை. அவனோடு படித்தவர்கள் எல்லாம் படித்து முடித்துப் போய்விட்டார்கள். அவன் போகவில்லை. கொஞ்ச காலம் ஒரு கம்பெனிக்குப் போய் வந்தான். அங்கே மேலதிகாரி எடுக்கும் முடிவுகளில் கணக்கே இல்லை என்று கண்டுபிடித்து வெளியே வந்துவிட்டான். பிறகு இணையத்தில் போக்கர் சீட்டாட்டம் ஆடினான். காசு வைத்து ஆடுவதற்குச் சட்டம் பூட்டுப் போட்ட பிறகு, ஆடுவதை விட்டுவிட்டு ஆடுகிறவர்களுக்குக் கணக்குப் போட்டுத் தர ஆரம்பித்தான். ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஆட்டக்காரர்கள் தாங்கள் தோற்ற ஆட்டங்களை அனுப்புவார்கள். இவன் அவற்றை சால்வரில் போட்டு, எங்கே தப்பு நடந்தது என்று எழுதி அனுப்புவான்.

சால்வர் ஒரு மென்பொருள். இன்ன சீட்டு, இவ்வளவு பணயம், எதிரே இப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிட்டால் போதும். லேப்டாப் பம்புசெட் மாதிரி இரையும். அறை சூடாகும். பிறகு விடை வரும். செய், செய்யாதே என்று வெட்டொன்றாக வராது. நூற்றுக்கு முப்பது தடவை செய், எழுபது தடவை செய்யாதே என்று வரும். கையில் ஒன்றுமில்லாமலே, நல்ல சீட்டு இருப்பதுபோல் பணயத்தை ஏற்றுவதற்கு பிளஃப் என்று பெயர். அந்தப் பொய்யைக்கூட எத்தனைக்கு எத்தனை சொல்ல வேண்டும் என்று சால்வர் அளந்து கொடுக்கும்.

அதனிடம் இரண்டு விதமாகக் கேட்கலாம். எதிரே யார் உட்கார்ந்தாலும் நம்மை அடிக்க முடியாதபடி ஆடுவது எப்படி என்று கேட்கலாம். அதற்கு பேலன்ஸ் என்று பெயர். எதிரே இருப்பவனிடம் என்ன கோணல் என்று சொல்லி, அதைப் பிடித்து அவனை உரிப்பது எப்படி என்றும் கேட்கலாம். அதற்கு எக்ஸ்ப்ளாய்ட் என்று பெயர். இரண்டாவதில் லாபம் அதிகம். ஆனால் அவன் கோணலுக்கு ஏற்ப நாமும் வளைய வேண்டும். அவன் விழித்துக்கொண்டால் நம் வளைவு தெரிந்துவிடும். கேட்கிறவர்களுக்கு இரண்டையும் எழுதிக் கொடுத்தாலும், அஜித் முதலாவதின் பக்தன். ஆளைப் பார்த்து ஆடுவது காந்தி மார்க்கெட்டில் ஆளைப் பார்த்து விலை சொல்வது மாதிரி என்பான். அவன் வார்த்தையில் அதைவிடக் கேவலம் இல்லை.

நூற்றுக்கு முப்பது என்பதை மனிதன் எப்படிச் செய்வது? மனத்தை நம்ப முடியாது. அது பயந்தால் ஒரு பக்கமும் ஆசைப்பட்டால் ஒரு பக்கமும் சாயும். அதனால் பெரிய ஆட்டக்காரர்கள் கைக்கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்ப்பார்கள். முள் பதினெட்டுக்குள் இருந்தால் பொய், தாண்டியிருந்தால் உண்மை. முள்ளுக்கு ஆசையும் இல்லை, பயமும் இல்லை. அஜித் அதற்கென்றே பெரிய முகமுள்ள ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் அறையில் ஆட்டம் நடக்கும். காசு கிடையாது. பக்கத்து அறை விக்டர் ஒரு பட்டறையில் வெல்டர். பாலக்கரைக்காரன். அவன் கொண்டுவரும் இரும்பு வாஷர்கள்தான் பணயம். விக்டருக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு கொள்கைதான். யார் எவ்வளவு ஏற்றினாலும், "பாத்துடுவோம்" என்பான். சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவது அவன் குலத்தில் இல்லை.

ஒரு தடவை விக்டரையே சால்வரில் போட்டுப் பார்த்தான் அஜித். அதிசயமாக அது வெட்டொன்றாகப் பதில் சொன்னது: இந்த ஆளிடம் ஒருபோதும் பொய் சொல்லாதே. எப்படியும் பார்த்துவிடுவான். நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திரு. அஜித் அதைப் படித்தான். ஒப்புக்கொண்டான். அடுத்த ஞாயிறு கையில் ஒன்றுமில்லாமல் வாஷர்களை அள்ளி நடுவில் வைத்தான்.

"பாத்துடுவோம்" என்றான் விக்டர். பார்த்தான். வாஷர்களை இழுத்துக்கொண்டான். "ஏன்டா மாப்ள, நான் பாப்பேன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்குப் புளுகுன?"

"முள்ளு பன்னெண்டுல இருந்துச்சு."

விக்டர் சீட்டைக் கீழே வைத்தான். "ஒனக்கு எதிர்ல ஒரு மனுசன் உக்காந்திருக்கேன்டா. என் மூஞ்சியப் பாக்காம கைக்கடியாரத்தப் பாக்குற."

"ஒன்னப் பாத்து ஆடினா அது எக்ஸ்ப்ளாய்ட். கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கட்டும். வாஷர் எங்கிட்ட இருக்கு" என்றான் விக்டர்.

வினாடி முள் மெல்ல மெல்ல ஆட்டத்தைத் தாண்டி வெளியே வந்தது. காலையில் இட்லியா பரோட்டாவா என்பதை முள் சொன்னது. பஸ்ஸா ஷேர் ஆட்டோவா என்பதையும் அதுவே சொன்னது. அம்மாவின் போனை எடுப்பதும் அதன் பொறுப்பில் வந்தது. எப்போதும் எடுத்தால் எப்போதும் கூப்பிடுவாள். எடுக்கவே இல்லையென்றால் சுருட்டிய போர்வையும் ஊறுகாய் ஜாடியுமாக நேரில் வந்துவிடுவாள். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணை சால்வரிடம் கேட்டு வாங்கியிருந்தான். பவுனம்மாள் சால்வரைக் கண்டதில்லை. அவள் விக்டரின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

பூவாளூர் மருதையின் மகள் வேணியின் ஜாதகம் வந்ததும் அவள் விக்டருக்குத்தான் முதலில் போன் செய்தாள். விக்டர் போனைக் கொண்டுவந்து அஜித்தின் காதில் வைத்து அழுத்தினான். மறுநாள் போட்டோ வந்தது. அதற்கு மறுநாள் வேணியே பேசினாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் சென்டர் ஒன்றில் வரவேற்பில் இருந்தாள் வேணி. வருகிறவர்களின் போனை வாங்கி, என்ன ஆச்சு என்று கேட்பது அவள் வேலை.

"எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க. தண்ணியே படல மேடம்னு. ஒருத்தர் கையில வச்சிருந்தப்பவே போன்லேருந்து தண்ணி சொட்டுது. டேபிள் நனையுது. அப்பவும் தண்ணியே படலைங்கிறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிங்க சார்னு சொல்லிட்டு, கைதொடைக்கத் துணி குடுத்தேன்."

அஜித் சிரித்தான். அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும். ஒரு தடவைகூட அவன் எடுக்காமல் விடவில்லை. கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டோம் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. உறைத்ததும் பயமாக இருந்தது. இந்தப் பெண் வேண்டும் என்று இருந்தது. வேண்டும் என்று இருப்பவன் மோசமாக ஆடுவான். அதை அவன் ஐரோப்பியர்களுக்கு எத்தனையோ தடவை எழுதி அனுப்பியிருக்கிறான்.

வேலையைப் பற்றி மட்டும் வேணி கேட்கவில்லை. "அத நேர்ல கேட்டுக்கிறேன்" என்றாள்.

ஸ்ரீரங்கம் கோயிலில் பெண் பார்ப்பது என்று முடிவாயிற்று. அஜித் கதவைச் சாத்திக்கொண்டு வேணியை சால்வரில் போட ஆரம்பித்தான். சீட்டாட்டக் கணக்கு என்று உண்மையைச் சொன்னால் சூதாடி என்று விலகலாம். கம்பெனி வேலை என்று சொன்னால் நம்பலாம், நம்பாமலும் போகலாம். நம்பாவிட்டால் எல்லாம் போச்சு. இவற்றுக்கெல்லாம் அவனே மதிப்பெண் கொடுத்தான். லேப்டாப் விசிறி இரைந்தது.

விக்டர் எட்டி லேப்டாப்பைப் பார்த்தான். "என்ன சொல்லுது ஒன் ஆத்தா?"

"முப்பதுக்குப் பொய். எழுபதுக்கு உண்மை."

"பொண்ணு புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு."

"அப்ப உள்ளதச் சொல்லித் தொல. அந்தப் பொண்ணு பொய்யப் பாத்துப் பாத்தே சம்பளம் வாங்குது. அதுவும் என்னய மாதிரி. பாத்துடுவோம்னுதான் வரும்."

அது சரி என்று அஜித்துக்குத் தெரிந்தது. அவளுடைய அந்தக் குணத்தையும் சால்வரில் போட்டால் என்ன விடை வரும் என்பதும் தெரிந்தது. அதனால்தான் போடவில்லை. "அப்படி ஆளப் பாத்து முடிவு பண்ணக்கூடாது. இவ்வளவு முக்கியமான விஷயத்துல கொள்கைய விட முடியுமா?" என்றான்.

"முக்கியமான விஷயத்துலதான்டா விடணும்" என்றான் விக்டர். அவனை யாரும் கேட்கவில்லை.

ரங்கா ரங்கா கோபுரத்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு இரண்டு குடும்பமும் உள்ளே போனது. கும்பிட்டு முடித்த பின், குதிரைகள் செதுக்கிய தூண்கள் இருக்கும் சேஷராயர் மண்டபத்துப் பக்கம் வந்ததும் பெரியவர்கள் வழக்கப்படி தாங்களாகவே பின்தங்கினார்கள். மருதை ஒரு தூணைப் பார்ப்பதுபோல் நின்றார். பவுனம்மாள் அவருக்கு அந்தத் தூணைக் காட்டுவதுபோல் நின்றாள்.

வேணி மாம்பழ நிறத்தில் புடவை கட்டியிருந்தாள். போட்டோவைவிட உயரம். உட்கார்ந்ததும் நேராகக் கேட்டாள்.

"சொல்லுங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

அஜித் கையைத் திருப்பினான். முள் ஏழில் இருந்தது.

உள்ளுக்குள் ஏதோ ஒன்று, வேண்டாம்டா என்றது. அதுதான் சாய்கிற மனம் என்று அடையாளம் கண்டு அவன் அதை ஒதுக்கினான்.

"சென்னைல ஒரு கம்பெனி. டேட்டா சம்பந்தமா. வீட்லேருந்தே பாக்கலாம்."

"ஓ" என்றாள் வேணி. "சென்னைக்குப் போக வேண்டியிருக்குமா?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "இருக்காது."

"கல்யாணத்துக்கப்பறம் நான் வேலைக்குப் போறதுல ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

இதற்கு முள் தேவையே இல்லை. ஆனால் சில கேள்விக்குப் பார்த்து சிலவற்றுக்குப் பார்க்காமல் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் பார்த்தான். "ஒண்ணும் இல்ல."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா?"

"இல்லையே."

"ஒவ்வொண்ணுக்கும் வாட்சப் பாத்துட்டுத்தான் பேசறீங்க."

போக்கரில் ஆட்டக்காரன் முகத்தை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி போடுவான். கழுத்து நரம்பு துடிப்பது தெரியாமல் துண்டைச் சுற்றிக்கொள்வான். தன்னிடம் எந்த அடையாளமும் வெளியே தெரியாது என்பது அஜித்தின் பெருமை. அந்தப் பெருமைக்காக அவன் கட்டியிருந்த கடிகாரம்தான் இப்போது அவள் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"சும்மா பழக்கம்" என்றான்.

"சரிங்க சார்" என்றாள் வேணி. எழுந்து போய் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

சார் என்ற சொல் அவனுக்குப் புரிந்தது. கைதொடைக்கத் துணி கொடுக்காதது ஒன்றுதான் பாக்கி.

டோல்கேட்டில் லால்குடி பஸ் ஏறி உட்கார்ந்ததும் பவுனம்மாள் கேட்டாள். "என்ன வேலைன்னு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"சீட்டுக் கணக்குன்னு சொன்னியா?"

அஜித் திரும்பிப் பார்த்தான். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"விக்டர் தம்பி சொல்லுச்சு. நான் மருதை அண்ணங்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேனே. ஆடுறது இல்லண்ணே, ஆடுறவனுக்குக் கணக்குதான் பாக்குறான்னு. அந்த அண்ணனும் நெல்லு ஏவாரிக்குக் கணக்கு எழுதுற மாதிரிதானேன்னுட்டாரு. நீ வாயத் தொறந்து சொல்றியான்னு பாக்கணும்னுச்சாம் அந்தப் பொண்ணு. அவ்வளவுதான் அதுக்கு வேணும்."

பஸ் கொள்ளிடக்கரை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாச் சீட்டும் மேலே திறந்து கிடந்த மேஜையில் அவன் ஒருவன் மட்டும் பிளஃப் அடித்திருக்கிறான்.

"ஏன்டா, சொன்னியா இல்லையா?"

"சொல்லல."

பவுனம்மாள் பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் பூவாளூரிலிருந்து சத்தமே இல்லை. அஜித் கூப்பிட்டான். வேணி எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். எடுக்காமல் இருப்பதற்கு அவளும் ஏதாவது எண் வைத்திருப்பாளோ என்று யோசித்தான். இல்லை, எடுக்கவே மாட்டாள், அவ்வளவுதான் என்று தோன்றியது. பிறகு மருதை பவுனம்மாளைக் கூப்பிட்டார். பெண் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாமியே சொல்லட்டும் என்கிறது. வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்த்துவிடலாம். எங்கள் கண் முன்னால்.

பூக்கட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அஜித் சின்ன வயதிலிருந்து இதைக் கேலி செய்து வந்தவன். இப்போது யோசித்தால் ஆட்சேபிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஐம்பதுக்கு ஐம்பது. ஆளைப் பார்க்காத முறை. அம்மா கும்பிடும் பிடாரியின் கோயிலில் நடப்பதும் அவன் மணிக்கட்டில் நடப்பதும் ஒன்றுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவின் சாமியின் மேல் அவனுக்கு மரியாதை வந்தது. ஐம்பது போதவே போதாது என்ற திகிலும் கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை காலை. பவுனம்மாளின் ஊர் எல்லையில் வாய்க்கால் ஓரமாகப் பிடாரி கோயில். பூசாரி விளக்கேற்றினார். பவுனம்மாள் முந்தானையிலிருந்து பூவரச இலையில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்களை எடுத்துக் குலுக்கி, சாமி முன்னால் கல்லில் வைத்தாள்.

"யாராச்சும் பச்சப்புள்ள இருந்தா எடுக்கச் சொல்லலாம்" என்றார் பூசாரி.

"நானே எடுக்குறேங்க" என்றாள் வேணி. அவள் அஜித்தைப் பார்க்கவே இல்லை. கோயிலுக்குள் வந்ததிலிருந்து ஒரு தடவைகூட.

குனிந்தாள். அஜித்துக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து நாரை அவிழ்த்தாள். வெள்ளை நந்தியாவட்டை.

மருதை பெருமூச்சு விட்டுக் கைகூப்பினார். பவுனம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். பூசாரி திருநீற்றுத் தட்டை எடுத்தார். வேணி பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எந்த மாப்பிள்ளையாக இருந்தாலும் அந்த இடத்தில் விழுந்து கும்பிட்டு எழுந்திருப்பான்.

ஆனால் அஜித்தின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்தபின், காட்டாத சீட்டு என்னவென்று பார்க்காமல் கணக்கு முடியாது. அவன் கை தானாக நீண்டது. இரண்டாவது பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான்.

"இதுலயும் வெள்ளதான் இருக்கு" என்றான்.

கோயில் சின்னது. எல்லாருக்கும் கேட்டது.

"மூட்றா அத" என்றாள் பவுனம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

மருதை கூப்பிய கையை இறக்கினார். "என்ன தங்கச்சி இது?"

"செவப்பு அரளி கெடைக்கலண்ணே."

பூசாரி உட்பட எல்லாரும் வாசல் பக்கம் பார்த்தார்கள். வாசலை ஒட்டி ஒரு சிவப்பு அரளி, இலை தெரியாமல் பூத்து நின்றது.

பவுனம்மாள் அதைப் பார்க்காமல் பேசினாள். "இருக்கட்டுமேண்ணே. நமக்கு எது வேணும்னு தெரிஞ்சபின்னாடி ஆத்தாளப் போயி எதுக்குச் சங்கடப்படுத்தணும்? தப்பா எதையாச்சும் எடுத்துக் குடுத்துட்டா அவளுக்கும்தானே மனசு கஷ்டம்?"

பூசாரி விளக்குத் திரியைத் தூண்டுவதில் மும்முரமானார். மருதைக்குக் கோபப்படுவதா என்று முடிவு செய்ய முடியவில்லை. மகளைப் பார்த்தார்.

வேணி இப்போது அஜித்தைப் பார்த்தாள். "அதான் வெள்ள வந்துருச்சே. அத எதுக்குப் பிரிச்சீங்க?"

அவன் இடது கை மேலே எழும்பியது. அவள் கண் அந்த மணிக்கட்டுக்குப் போனதைப் பார்த்தான். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"சமமா இருக்கான்னு பாத்தேன்."

"இருந்துச்சா?"

"இல்ல." பிரித்த பொட்டலத்தை அவளிடம் நீட்டினான். "என் வேலையும் சென்னைல இல்ல. கம்பெனியும் இல்ல. சீட்டாடுறவங்களுக்குக் கணக்குப் போட்டுக் குடுக்குறேன்."

"அது எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அம்மா சொல்லிட்டாங்க."

"அப்ப இப்ப சொல்லி ஒங்களுக்கு என்ன லாபம்?"

அஜித் தேடிப் பார்த்தான். அந்தக் கேள்விக்கு எந்தப் பக்கமும் ஓர் எண் கிடைக்கவில்லை.

"தெரியல" என்றான்.

வேணி சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு வந்து வாயோரத்தில் நின்றது. "தண்ணில விழுந்துருச்சுன்னு கொண்டுவந்த அன்னைக்கே சொல்லிட்டா முக்காவாசி போனக் காப்பாத்திடலாங்க. நாள் கழிச்சு சொன்னாத்தான் கஷ்டம்." கையை நீட்டினாள். "அந்த வாட்சக் குடுங்க."

அவன் கழற்றிக் கொடுத்தான். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டாள். இரண்டு நந்தியாவட்டையையும் சேர்த்துத் தலையில் செருகிக்கொண்டு, "தேதி பாக்கலாம்ப்பா" என்றாள்.

"ஒழுங்கா ஒரு செவப்பும் ஒரு வெள்ளையும் வச்சு மறுக்காக் கட்டிப் பாத்துடுவோமா?" என்றார் மருதை. அவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

"இவரு அதையும் பிரிப்பாருப்பா."

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது பவுனம்மாள் மகனின் விலாவில் முழங்கையால் ஒரு குத்து விட்டாள். "பொழைக்கத் தெரியாத பய."

பூசாரி கோயில் கதவை இழுத்துக்கொண்டே கேட்டார். "மணி என்னாச்சு தம்பி?"

அஜித் கையைத் தூக்கினான். கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

வேணி பையைத் திறந்து பார்த்து, "பத்தே முக்கால்" என்றாள்.